குட்டி வயித்துல அஞ்சு தையல்

எங்க வீட்டு நாய்க்கு ஆபரேஷன்னு நான் சொன்ன அன்னிக்கு கம்பெனி பஸ்ல சிரிக்காத ஆளே இல்ல. மாதனூர்ல ஏறினதுலேருந்து ஆம்பூர்ல இறங்குற வரைக்கும் இதே பேச்சுதான். "இன்னாக்கா, நாய்க்கு கர்ப்பப்பை எடுக்கறாங்களா? நம்ம பொம்பளைங்களுக்கு ஒரு நாள் லீவு குடுக்க மாட்டேங்கறான், நீ நாய்க்கு லீவு போட்டிருக்கியே"ன்னு முன் சீட்டுல ஒருத்தி. "ஆபரேஷன் பேப்பர்ல யார் கையெழுத்து? நாயா, நீயா?"ன்னு பின் சீட்டுல இன்னொருத்தி. எனக்கு கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "உங்க வாய்க்கு ஆபரேஷன் பண்ண ஒரு டாக்டர் கெடச்சா மொதல்ல உங்களத்தான் கூட்டிட்டுப் போவேன்"னு சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க.

அவளுங்க சிரிச்சதுல தப்பில்ல. எங்க பக்கத்துல நாய்ன்னா தெருவுல கெடக்கும், குப்பையில தின்னும், சாவும். அதுக்கு வேலூர் வரைக்கும் பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போய் வைத்தியம் பாக்கறதெல்லாம் எங்களுக்குப் புதுசு. எனக்கே புதுசு. நானே ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது இப்படிச் சொல்லியிருந்தா, "கொழுப்பு"ன்னுதான் சொல்லியிருப்பேன்.

நாய் எங்க வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிடறேன். எங்க கம்பெனியில சாம்பிள் டிபார்ட்மென்ட்ல ஒரு மேடம் இருந்தாங்க. வேலை மாத்திக்கிட்டு வெளிநாடு போறப்போ, வளத்த நாயை என்ன பண்றதுன்னு தெரியாம அழுதுகினு நின்னாங்க. எனக்கு யார் அழுதாலும் தாங்காது, அது என் கெட்ட புத்தி. "குடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்"னு வாய் தவறி சொல்லிட்டேன். கையில வாங்கினப்போதான் தெரிஞ்சுது, அது நாயே இல்ல, எலிக்கு அண்ணன். காது ரெண்டும் பெருசு, கண்ணு ரெண்டும் பெருசு, நடுவுல ஒண்ணுமே இல்ல. காய்கறிக்காரர் தராசுல வெச்சுப் பாத்தோம், ஒண்ணரை கிலோ கூட வரல. மேடம் அதுக்கு வாயில நுழையாத ஒரு பேர் வெச்சிருந்தாங்க. எங்களுக்கு அது குட்டி. அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் என்னை முறைச்சார். அவருக்கு அப்போ எதைப் பாத்தாலும் பேஜார். பதினேழு வருஷம் தோல் பதனிடற ஷாப்புல ஈரத்தோல் தூக்கித் தூக்கி, முதுகுல டிஸ்க் நழுவிப் போச்சு. டாக்டர் இனிமே வெயிட் தூக்கக் கூடாதுன்னுட்டார். வெயிட் தூக்காத வேலை தோல் ஷாப்புல எது இருக்கு? வீட்ல படுத்தார். பொண்ணைக் கட்டிக் குடுத்து ஓசூர் அனுப்பியாச்சு. நான் காலையில ஏழு மணிக்குப் பஸ் ஏறினா சாயந்திரம்தான் வருவேன். நாள் பூரா அவரும் செவுரும்தான். ஷேவிங் கிடையாது, சாப்பாடு போட்டு வெச்சா அப்படியே இருக்கும், கேட்டா "பசிக்கல"ம்பார். வேலை செய்யற நேரத்துலயும் எனக்கு இதே நெனப்புதான், இந்த மனுஷன் ஏதாவது பண்ணிக்கிட்டா என்ன பண்றதுன்னு.

அப்படி இருந்தவரைத்தான் அந்த ஒண்ணரை கிலோ எழுப்பி உக்கார வெச்சுது. அது மூத்திரம் பெய்யணும்னா யாராவது தூக்கி வாசல்ல விடணும். படி எறங்கத் தெரியாது, அவ்ளோ சின்னக் காலு. மொதல்ல திட்டிக்கிட்டே தூக்கினார். ஒரு மாசத்துல காலையில அதைக் கையில வெச்சுக்கிட்டு ஏரிக்கரை வரைக்கும் நடக்க ஆரம்பிச்சார். அதுக்குத் தயிர் சாதம் பெசஞ்சா தானும் ரெண்டு வாய் தின்னார். ஷேவிங் பண்ணினார். நான் யாருக்கும் சொல்லல, ஆனா மனசுக்குள்ள தெரியும்: இந்த நாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா இவரை மறுபடி எழுப்ப என்னால ஆகாது.

அதனாலதான் அதோட வயித்துல இருந்த அந்த உருண்டையைப் பாத்தப்போ எனக்கு பயம் வந்துச்சு. தொப்புள் இருக்க வேண்டிய எடத்துல கொண்டைக்கடலை மாதிரி ஒரு புடைப்பு. விரலால அழுத்தினா உள்ள போய்டும், விட்டா வெளிய வந்துடும். ரெண்டு மாசத்துல அது நெல்லிக்காய் அளவு ஆச்சு. அதே சமயத்துல குட்டி மொதமொதல்ல சூட்டுக்கு வந்துச்சு. கேக்கணுமா? ஊர்ல இருக்கற அத்தனை ஆம்பள நாயும் எங்க வாசல்ல மாநாடு. ஒவ்வொண்ணும் இதைவிட பத்து மடங்கு சைஸு. வீட்டுக்காரர் கையில குச்சியோட நாள் முழுக்கக் காவல் இருந்தார்.

வேலூர்ல நாய்ங்களுக்குன்னு இருக்கற ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. அதை மல்லாக்கப் படுக்க வெச்சு, அந்த உருண்டையை அழுத்திப் பாத்துட்டுச் சொன்னாங்க. "இது ஹெர்னியாங்க. தொப்புள்கிட்ட சதை மூடாம ஓட்டையா நின்னுடுச்சு. இப்போ கொழுப்புதான் வெளிய வருது. ஓட்டை பெருசாச்சுன்னா குடல் வந்து மாட்டிக்கும். அப்புறம் நேரமே இருக்காது. கருத்தடையும் பண்ணிடணும். இந்த சைஸ் நாய் கர்ப்பமாச்சுன்னா குட்டி வெளிய வராது, தாயும் போய்டும். ஒரே மயக்கத்துல ரெண்டையும் முடிச்சிடலாம்."

"மயக்க ஊசி தாங்குமா மேடம்?"னு வீட்டுக்காரர் கேட்டார்.

"சின்ன ஒடம்புங்கறதால கொஞ்சம் ரிஸ்க்தான் சார். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்"னாங்க.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள்ள சண்டை. "நல்லா ஓடியாடிக்கினு இருக்கறதைக் கொண்டு போய் கத்தி வெக்கணுமா? நான் காவல் இருந்துக்கறேன்"னார் அவர். "காவல் இருப்பீங்க, குடல் வந்து மாட்டிக்கிட்டா அதையும் குச்சி வெச்சு வெரட்டுவீங்களா?"ன்னேன் நான். எனக்கு எதையும் பாதியில விட்டு வெக்கப் பிடிக்காது. தப்புன்னு தெரிஞ்சா அங்கயே சரி பண்ணணும். மூணு நாள் பேசிப் பேசி அவரை ஒத்துக்க வெச்சேன். அவர் கடைசியில, "உன் இஷ்டம். ஆனா ஒண்ணு, அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வந்து விதின்னு சொல்லாத"ன்னார்.

திங்கக்கிழமை ஆபரேஷன். மனுஷங்களுக்குச் சொல்ற மாதிரி ராத்திரியிலேருந்து பட்டினி போடக் கூடாது, இவ்ளோ சின்ன நாய் பட்டினி கெடந்தா சர்க்கரை எறங்கி மயங்கிடும், விடிகாலையில ஒரு ஸ்பூன் சாதம் குடுத்துக் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. அப்படியே குடுத்தோம். பூட்ஸ் வர்ற அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, அடியில லைனிங் துணி மெத்தையா வெச்சு, பஸ்ல மடியில வெச்சுக்கிட்டுப் போனோம். கண்டக்டர், "இன்னாம்மா உள்ள, கோழியா?"ன்னார். "ஆமா"ன்னுட்டேன்.

நல்லபடியா முடிஞ்சுது. சாயந்திரம் குடுத்தாங்க. உள்ள சுடுதண்ணி பாட்டில் ரெண்டு பக்கமும் வெச்சு, நாலு காலுக்கும் கொழந்தை சாக்ஸ் மாட்டி, துணியில சுத்திக் கெடந்துச்சு. என் உள்ளங்கையில தலையை வெச்சுக்கிச்சு. வயித்துல மயிரை மழிச்ச எடத்துல, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. அதுல அஞ்சு தையல், நீல நைலான் நூல். கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு ஒண்ணு மாட்டிவிட்டாங்க, அது நக்கிடாம இருக்க. பத்து நாள் கழட்டக் கூடாது, பத்தாம் நாள் வந்து நூல் பிரிச்சுக்கலாம்னாங்க. இருக்கறதுலயே சின்னக் கூம்புதான், அதுவே இதுக்கு குடை புடிச்ச மாதிரி இருந்துச்சு. தட்டுல வாய் எட்டல. எங்க வீட்டுக்காரர் விரல்ல எடுத்து எடுத்து ஊட்டினார்.

எனக்கு ஒரு நாள்தான் லீவு. செவ்வாய்க்கிழமையிலேருந்து நான் வேலைக்குப் போய்ட்டேன். நாள் பூரா அவர்தான் பாத்துக்கிட்டார்.

இப்போ என் வேலையைப் பத்திச் சொல்லணும். இல்லன்னா நான் செஞ்சது உங்களுக்குப் புரியாது. நான் ஷூ கம்பெனியில செக்கிங் டேபிள்ல இருக்கேன். தைச்சு வர்ற அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகம், என் கைக்கு வரும். திருப்பிப் பாத்து, தையல் கோணல் இருக்கா, தையல் தப்பியிருக்கா, நூல் பிசிறு நீட்டிக்கினு இருக்கான்னு பாக்கணும். பிசிறு இருந்தா லேசா இழுத்துப் புடிச்சு, முடிச்சை ஒட்டி நறுக்குன்னு வெட்டணும். அரிசி அளவு நூல் வெளிய தெரிஞ்சாக்கூட சரக்கு வாங்கறவன் திருப்பி அனுப்பிடுவான். பத்தொன்பது வருஷமா இதே வேலை. கல்யாண வீட்ல எவ புடவையில நூல் தொங்கினாலும் என் கை தானா போவும். பஸ்ல முன்னாடி நிக்கறவ ஜாக்கெட்டுல பிசிறைப் பாத்துட்டு பல்லால கடிச்சு எடுத்துத் திட்டு வாங்கினவ நான்.

புதன்கிழமை சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்தேன். அவர் பால் வாங்கப் போயிருந்தார். குட்டியை மடியில மல்லாக்கப் போட்டு வயித்தைப் பாத்தேன். காயம் நல்லா காஞ்சிருந்துச்சு. ஆனா அந்த அஞ்சு முடிச்சுலயும் நூல் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை, ஒண்ணு ஒரு பக்கமா வளைஞ்சு தோல்ல குத்திக்கிட்டு. குத்தின எடம் செவந்திருந்துச்சு. அது உக்காரும்போதெல்லாம் மொனகினதுக்கு இதுதான் காரணம்னு எனக்குத் தோணிச்சு. "படிச்ச பொண்ணு, இவ்ளோ நல்லா தைச்சுட்டு பிசிறை வெட்டாம விட்டுட்டாளே"ன்னு நெனச்சேன். என் பையில நூல் வெட்டுற சின்னக் கத்திரி இருந்துச்சு. டெட்டால் போட்டுத் தொடச்சேன். ஒவ்வொரு பிசிறா லேசா இழுத்து, முடிச்சை ஒட்டி வெட்டினேன். அஞ்சும் ஒரே மாதிரி. கட்டைவிரலால தடவிப் பாத்தேன், உறுத்தவே இல்ல. குட்டி என் கையை நக்கப் பாத்து கூம்புல முட்டிக்கிச்சு. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அவர் வந்ததும் சொல்லணும்னு கூடத் தோணல. வெங்காயம் உரிச்சேன்னு யாராவது வீட்ல சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?

வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். லைன்ல போன் வெச்சுக்கக் கூடாது, லாக்கர்ல இருக்கும். சூப்பர்வைசர் வந்து, "ஆபீசுக்கு போன் வந்திருக்கு, வீட்டுக்காரராம்"னார். ஓடினேன். அந்தப் பக்கம் அவர் அழுதார். இருபத்தஞ்சு வருஷ குடித்தனத்துல அவர் அழுது நான் கேட்டதில்ல.

"குட்டி வயிறு தொறந்துகிச்சுடி. உள்ளேருந்து ஏதோ வெள்ளையா வெளிய வந்திருக்கு."

"கூம்பு இருந்துச்சா இல்லியா?"ன்னு கத்தினேன்.

அப்பால சொன்னார். "தயிர் சாதம் திங்க முடியலன்னு ரெண்டு நிமிஷம் கழட்டினேன்."

கேட் பாஸ் போட்டுக்கிட்டு, பஸ் புடிச்சு, மாதனூர்ல ரோட்டுமேல எறங்கினேன். அவர் ஆட்டோ வெச்சுக்கிட்டு பெட்டியோட அங்கயே நின்னார். பெட்டியைத் தொறந்து பாத்தேன். ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். நடுவுல ரெண்டு தையல் இருந்த எடம் வாயைப் பொளந்துகிட்டு இருந்துச்சு. அதுக்கு அடியில, அந்த ஹெர்னியா இருந்த எடத்துல, கொழுப்பு துருத்திக்கிட்டு நின்னுது. குட்டி கத்தல, மொனகல. காது ரெண்டும் ஜில்லுன்னு இருந்துச்சு.

ஆட்டோ வேலூர் போய்ச் சேர்ற வரைக்கும் நான் பேசின பேச்சு இருக்கே, அதை இங்க எழுதறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா எழுதத்தான் உக்காந்திருக்கேன். "டாக்டர் தெளிவா சொன்னாங்களே, காது அடைச்சுப் போச்சா?"ன்னேன். "ரெண்டு நிமிஷமாம், ரெண்டு நிமிஷம்"னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில பாத்தார். நான் நிறுத்தல. கடைசியில, "வேலைக்குத்தான் போகத் துப்பில்ல, வீட்ல கெடந்துக்கினு ஒரு நாயைக்கூடவா பாத்துக்கத் துப்பில்ல?"ன்னு கேட்டேன். அவர் பெட்டியை இன்னும் கொஞ்சம் நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டார்.

டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டாங்க. "கூம்பைக் கழட்டினீங்களா சார்?" அவர் தலையாட்டினார். "ரெண்டு நிமிஷம் போதும் சார் அதுக்கு. பல்லால இழுத்துடுச்சு பாருங்க. இந்த சைஸ்ல வயித்துச் சதை பேப்பர் மாதிரி இருக்கும். மேல் தையல் போனதும் அது நக்கி, உள் தையலும் ஒண்ணு விட்டுடுச்சு. நாலு நாள்ல ரெண்டாவது மயக்கம் குடுக்கணும். இந்தத் தடவை எனக்கே பயமா இருக்கு"ன்னாங்க. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என் தப்புதான் மேடம், எப்படியாவது காப்பாத்துங்கன்னார்.

வெளிய பெஞ்சுல உக்காந்தோம். பக்கத்துல ஒருத்தர் பெரிய நாய் ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு இருந்தார், அது எங்களையே பாத்துக்கினு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர், "நான்தான்டி கொன்னுட்டேன்"னு சொன்னார். நான் ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லல. எனக்குக் கோவம் அடங்கவே இல்ல. அந்த ஒரு மணி நேரம் நான் மனசுக்குள்ள அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன், அதுதான் நெஜம்.

டாக்டரம்மா ஒரு தடவை வெளிய வந்து, ஒடம்புச் சூடு ரொம்ப எறங்கிப் போச்சு, சூடு ஏத்திக்கிட்டு இருக்கோம்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. அவர் எழுந்து போய் செவுத்துல நெத்தியை வெச்சுக்கிட்டு நின்னார். எனக்கு அப்போ அந்த நாயைவிட இந்த மனுஷனைப் பாத்துத்தான் பயம் ஜாஸ்தியாச்சு.

அப்புறம் அரை மணி நேரம் கழிச்சு கதவு தொறந்துச்சு. "பொழச்சுக்கிச்சு"ன்னாங்க. ஈறுல சர்க்கரைத் தண்ணி தடவிக்கிட்டு இருக்கோம், வந்து பாருங்கன்னாங்க. அவர் கீழயே உக்காந்துட்டார், நான்தான் புடிச்சுத் தூக்கினேன். உள்ள போய்ப் பாத்தோம். கம்பளிக்குள்ள மூக்கு மட்டும் தெரிஞ்சுது.

டாக்டரம்மா புதுத் தையலைக் காட்டினாங்க. முன்னைவிட கெட்டி நூல். ஒவ்வொரு முடிச்சுலயும் நூல் நீளமா நின்னுது.

"பாத்தா மொத்தையா இருக்கும்மா, உறுத்தற மாதிரி தெரியும். இருந்துட்டுப் போவட்டும். நைலான் நூல் வழுக்கும். முடிச்சுக்கு மேல நூல் இருந்தாத்தான் முடிச்சு நிக்கும், இல்லன்னா தானா கழண்டுக்கும். பழைய தையல்ல பாருங்க, கடிச்சுத் தின்னதுல முடிச்சு மேல நூலே இல்ல. பாக்கி இருந்த மூணு முடிச்சும் தொட்டதும் அவுந்துடுச்சு."

நான் அந்த டேபிள் ஓரத்தைப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு நிமிஷத்துல நாய் எப்படி அஞ்சு முடிச்சையும் ஒரே அளவா கடிக்கும்? அவங்களுக்கு அது தோணல. வேலை முடிஞ்ச களைப்பு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவுந்தது அவர் கழட்டின கூம்பால இல்ல. அது கடிக்கறதுக்கு முன்னாடியே, நக்கறதுக்கு முன்னாடியே, எந்த நேரமும் அவுந்து போற மாதிரி நான் வெட்டி வெச்சிருந்தேன்.

அப்பவே சொல்லியிருக்கலாம். "மேடம், நான்தான் வெட்டினேன்"னு மூணு வார்த்தை. பக்கத்துல அவர் நின்னுக்கிட்டு இருந்தார். ஆட்டோவுல நான் பேசினதெல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அந்தப் பேச்சு பேசின வாயால இதை எப்படிச் சொல்றது? நாய் பொழச்சுக்கிச்சே, இனிமே சொல்லி இன்னா ஆவப் போவுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்குன்னு தள்ளினா அது எப்பவும் நாளைக்குத்தான்.

பத்து நாளும் அவர் அதை மடியை விட்டு எறக்கல. கூம்பைக் கழட்டவே இல்ல, விரல்லதான் ஊட்டினார். தரையில உக்காந்து உக்காந்து அவருக்கு முதுகுவலி திரும்ப வந்துடுச்சு. மருந்து தடவிவிடப் போனா, "எனக்கு எதுக்கு, விடு"ன்னார். பத்தாம் நாள் நூல் பிரிச்சாங்க. குட்டி பழையபடி ஆயிடுச்சு. வயிறு வழவழன்னு, அந்த உருண்டை இருந்த எடமே தெரியல. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நான் மூச்சு விட்டேன்.

ஆனா அவர் பழையபடி ஆகல. யார் வந்து, "ஏன்ங்க, நாய்க்கு ரெண்டு ஆபரேஷனாமே?"ன்னு கேட்டாலும், "ஆமா, என் அஜாக்கிரதைதான்"னு அவரே முந்திக்கிட்டு சொல்வார். பொண்ணு போன்ல கேட்டப்பவும் அதையேதான் சொன்னார். காஸ் அடுப்பை மூடினோமான்னு மூணு தடவை போய்ப் பாப்பார். கடைக்குப் போனா சில்லறையை என்கிட்ட குடுத்து, "நீயே எண்ணிக்க, நான் எங்கயாவது விட்டுடுவேன்"ம்பார். ஒரு நாள் பக்கத்து ஷெட்டுல வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டாங்க, ஒக்காந்து பாத்துக்கற வேலைதான், முதுகுக்கு ஒண்ணும் ஆகாது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் வேணாம்னுட்டார். "ஒரு நாயைப் பாத்துக்கத் துப்பில்லாதவனை நம்பி ஷெட்டை விடுவாங்களா?"ன்னார். என் வார்த்தை. அப்படியே, ஒரு எழுத்து மாறாம.

அன்னிக்காவது சொல்லியிருக்கணும். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? டேபிள்ல ஒவ்வொரு பிசிறை வெட்டும்போதும் எனக்குக் கை கூசும். ரெண்டு தடவை பிசிறோட விட்டு, திரும்பி வந்து, சூப்பர்வைசர் கிட்ட திட்டு வாங்கினேன். வீட்ல அவர் மூஞ்சியைப் பாத்தா வாய் பூட்டிக்கும். நாலு மாசம் இப்படியே ஓடிச்சு.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில, பஸ்ல எனக்கு முன்னாடி சீட்டுல உக்கார்றவ எங்க வீட்டுக்கு வந்தா. மொத நாள் சிரிச்சாளே, அவளேதான். கையில ஒரு பை, பைக்குள்ள ஒரு நாய்க்குட்டி, இதே ஜாதி, இதைவிடச் சின்னது. அவ பொண்ணு ஆசைப்பட்டு வாங்கியிருக்கா. "சிரிச்சதுக்கு எனக்கு நல்லா வேணும்க்கா"ன்னு அவளே சொல்லிக்கிட்டு உக்காந்தா. இதுக்கும் தொப்புள்ல அதே புடைப்பாம், வேலூர்ல ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்களாம். அவ வேலைக்குப் போறப்போ பாத்துக்க ஆள் இல்ல.

"அண்ணே, உங்களுக்குத்தான் பழக்கம். ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் பகல்ல மட்டும் உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்"னு அவரைக் கேட்டா.

அவர் அந்தக் குட்டியை ஆசையா பாத்தார். கையை நீட்டினார். அப்புறம் கையை மடக்கி லுங்கியில தொடச்சுக்கிட்டார். "என்னை நம்பி வேணாம்மா. எங்க குட்டியையே சாகடிக்கப் பாத்தவன் நான். இவளைக் கேளு, சொல்வா"ன்னார்.

அவ என்னைப் பாத்தா. அவரும் பாத்தார். நான் தலையாட்டணும்னு எதிர்பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் நிக்கறாங்க.

"இவர் ஒண்ணும் பண்ணல"ன்னேன். "தையல் நூலை வெட்டினது நான். பிசிறுன்னு நெனச்சு முடிச்சை ஒட்டி வெட்டினேன், கம்பெனியில வெட்டுற மாதிரி. அதனாலதான் அவுந்துச்சு. கூம்பு கழட்டினதால இல்ல."

அவ, "ஐயோ அக்கா"ன்னு வாயில கைய வெச்சுக்கிட்டா. அவருக்கு மொதல்ல புரியல. நான் மறுபடி சொன்னேன், எந்தக் கிழமை, எந்த நேரம், அவர் பால் வாங்கப் போனது எல்லாம். அவர் முகத்துல கோவம் வரும், கைய ஓங்குவார், அடிச்சாக்கூடப் பரவால்லன்னு நின்னேன். கோவம் வரல. ரொம்ப மெதுவா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

"எப்போ தெரியும் உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். நேத்துதான் தோணிச்சுன்னு சொல்லியிருக்கலாம். "அன்னிக்கே. டாக்டரம்மா புதுத் தையலைக் காட்டினப்பவே"ன்னேன்.

அவர் தலையை ஆட்டினார், கணக்கு சரியா வந்துடுச்சுங்கற மாதிரி. அப்புறம் அவ கையிலேருந்து அந்தச் சின்னக் குட்டியை வாங்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டார். "ஆபரேஷன் முடிஞ்சதும் கொண்டாந்து விடும்மா. பத்து நாளு இல்ல, பதினஞ்சு நாளு ஆனாலும் நான் பாத்துக்கறேன்"னார். குரல் கணீர்னு இருந்துச்சு. அப்படி ஒரு குரலை நாலு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் கேட்டேன்.

அடுத்த வாரமே, இன்னும் ஆள் கெடைக்காம இருந்த அந்த வாட்ச்மேன் வேலையையும் ஒத்துக்கிட்டார். ரெண்டு நாயையும் பெட்டியில வெச்சுக்கிட்டுப் போறார். ஷேவிங் பண்றார், நல்லா சாப்பிடறார். என்கிட்ட மட்டும் அன்னியிலேருந்து ஒரு வார்த்தை பேசல.